மினுக்கியின் கழுத்து

அந்தக் காலத்தில் கோழி பேசினால் மனிதருக்குப் புரியும். மனிதர் பேசினால் கோழிக்கும் புரியும். அதனால் கோழி வளர்க்கிற வீட்டில் சத்தத்துக்குக் குறைவே இருக்காது. அந்தக் காலத்தில் எல்லாக் கோழிக்கும் கழுத்து நிறைய இறகு இருந்தது. கழுத்து மொட்டையாக ஒரு கோழிகூட உலகத்தில் கிடையாது.

மலையடிவாரத்தில், மழை அதிகம் எட்டிப் பார்க்காத பக்கத்தில், மூக்காயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் நல்லாண்டி ஆடு மேய்ப்பவன். விடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் திரும்புவான். வீடு, கம்புக்கொல்லை, கோழிகள் எல்லாம் மூக்காயியின் பொறுப்பு. ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருந்தாள்.

பெட்டைகளுக்கெல்லாம் பெரியவள் செவலை. உடம்பு முழுக்கச் செம்மண் நிறம், கால்கள் விறகுக்கட்டை மாதிரி. தவிட்டுச் சட்டியை வைத்தால் முதலில் செவலை தின்னும். அப்புறம் கீரி என்கிற பெட்டை, அதற்குப் பிறகு கருப்பி, அப்படியே கடைசி வரைக்கும் ஒரு வரிசை. யார் போட்ட வரிசை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யாரும் மீறுவதில்லை. சேவல் இந்த விவகாரத்தில் தலையிடாது. சண்டை வந்தால் வேலிமேல் ஏறி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மாசி மாதம், கம்பு கதிர் பிடித்திருந்தது. கோழிகள் கொல்லையில் இறங்கினால் கதிர் மிஞ்சாது. அதனால் மூக்காயி வீட்டுக்குப் பின்னால் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு ஒரு சின்ன அடைப்புக் கட்டி, எல்லாவற்றையும் அதற்குள் விட்டாள். நாலு நாளில் அந்த இடத்துப் புல்லெல்லாம் போய்விட்டது. பூச்சி, புழு எல்லாம் தீர்ந்துபோயின. கீறிக் கீறி மண் கல்லாகிவிட்டது. பத்துக் கோழிகளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு சும்மா நின்றன.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் மூக்காயியின் தம்பி சிலம்பன், கையில் ஒரு பெட்டைக்கோழியோடு வந்தான். அவன் குடியிருப்பு மலைக்கு அந்தப் பக்கம்.

"நரி புகுந்திருச்சு அக்கா. இருந்த பதினாலுல மிச்சம் இது ஒண்ணுதான். வேலமரத்து உச்சியில ஏறி உக்காந்து தப்பிச்சிருக்கு. தனியாக் கெடந்து ஏங்குது. உன் கோழிகளோட விடு" என்றான்.

மூக்காயி கோழியைக் கையில் வாங்கினாள். சாம்பல் நிறம். ஆனால் கழுத்தில் மட்டும் பொன்னும் செம்பும் கலந்த இறகுகள் அடுக்கடுக்காக விழுந்திருந்தன. தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த இறகுகள் வெயிலில் பளபளத்தன. மூக்காயி இதுவரைக்கும் அப்படி ஒரு கழுத்தைப் பார்த்ததில்லை.

"போடி தங்கம், பத்தாவது பெட்டையா இருந்துக்கோ" என்று சொல்லி அப்போதே அதை அடைப்புக்குள் விட்டுவிட்டுக் கொல்லைக்குக் காவலுக்குப் போனாள். கோழியோடு கோழி சேர்வதற்கு ஒரு முறை வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது.

செவலை நிமிர்ந்து நடந்து வந்து புதுக்கோழியின் முன்னால் நின்றது.

"யாருடி நீ?"

"மலைக்கு அந்தப் பக்கத்துலருந்து வாரேன் அக்கா."

"இங்க ஒரு வரிசை உண்டு. தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. எங்க நிக்கணும்னு சொன்னீங்கன்னா நின்னுக்கிடுறேன்."

பதில் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது தலை ஆடியது, கழுத்து மின்னியது. செவலைக்கு அது பொறுக்கவில்லை. "வந்ததும் வராததுமா மினுக்குறதப் பாரு" என்றது. அந்த நொடியிலிருந்து புதுக்கோழிக்கு மினுக்கி என்று பெயராகிவிட்டது.

முதல் கொத்து செவலை கொத்தியது. எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகிற கொத்து அது. எல்லாக் கூட்டத்திலும் நடப்பதுதான். அதோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் அலகில் ஓர் இறகு மாட்டிக்கொண்டு வந்தது. இறகின் அடியில் ஒரு சொட்டு ரத்தம். நாலு நாளாகத் தவிட்டைத் தவிர வேறு ருசி அறியாத நாக்குக்கு அந்த உப்பு புதிதாக இருந்தது. செவலை இன்னொரு முறை கொத்தியது. கீரி ஓடி வந்தது. கருப்பி பின்னால் வந்தது. சிவப்பைப் பார்த்ததும் கடைசி வரிசைக் குட்டைக்காலிகூட வந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது. குட்டைக்காலியைப் பிறந்ததிலிருந்து எல்லாரும் கொத்திக்கொண்டிருந்தார்கள். தனக்குக் கீழே ஒருத்தி கிடைத்ததில் அதற்கு ஒரு சந்தோஷம்.

மினுக்கி திருப்பிக் கொத்தவில்லை. முள்வேலி மூலையில் தலையை நுழைத்துக்கொண்டு உடம்பைக் காட்டி நின்றது.

சாயங்காலம் மூக்காயி வந்து பார்த்தபோது அடைப்பு முழுக்கப் பொன்னிற இறகுகள் பறந்துகொண்டிருந்தன. கோழியை அள்ளி எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு ஓடினாள். ஆடுகளை அடைத்துவிட்டு வந்த நல்லாண்டி எட்டிப் பார்த்தான்.

"என்னடி இது, பாதி கழுத்தறுத்துப் போட்ட கோழி மாதிரி இருக்கு? இது தேறாது. உசுரு இருக்கும்போதே குழம்பு வச்சிரலாம்."

மூக்காயி பதில் சொல்லுமுன் கோழியே கண்ணைத் திறந்தது.

"மாமா, நரி வாயில தப்பிச்சு மலை தாண்டி வந்தது உங்க சட்டியில வேகுறதுக்கா?"

நல்லாண்டிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "சரி சரி, பொழைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டான்.

மூக்காயி காயத்தைக் கழுவினாள். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசினாள். அதற்குமேல் அடுப்புக்கரியைத் தூளாக்கி அப்பினாள். சிவப்புத் தெரிந்தால்தானே மறுபடியும் கொத்தத் தோன்றும்? பிறகு நேரே அடைப்புக்குப் போய்ச் செவலையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணுனீங்க? அது உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சது?"

செவலை பொய் சொல்லவில்லை. "ஒரு கெடுதலும் செய்யல ஆத்தா. இங்க கீறுறதுக்கு மண்ணில்ல. கொத்துறதுக்குப் பச்சையில்ல. நாள் பூரா ஒருத்தி முதுக ஒருத்தி பாத்துக்கிட்டு நிக்கிறோம். கண்ணு முன்னால ஆடுனது அது கழுத்து ஒண்ணுதான்."

மூக்காயி செவலையைக் கீழே விட்டாள். முள்வேலியையும் கல்லாகிக் கிடந்த மண்ணையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "தப்பு என் பேர்லயும் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் வேலியைப் பிரித்து வேப்பமரத்தையும் குப்பைமேட்டையும் உள்ளே சேர்த்துப் பெரிதாகப் போட்டாள். முருங்கைக்கீரையைக் கட்டி, கோழிகள் எம்பிக் கொத்துகிற உயரத்தில் மரத்தில் தொங்கவிட்டாள். பழைய பானையில் சாணியும் சோளத்தட்டையும் போட்டு ஈர மண்ணில் கவிழ்த்து வைத்தாள். ரெண்டு நாளில் கோழிகளுக்குத் தீனியாகப் பானை நிறையக் கறையான் பிடித்தது.

மினுக்கியை மட்டும் அவள் உடனே வெளியே விடவில்லை. பஞ்சாரம் என்கிற பெரிய மூங்கில் கூடையை அடைப்பின் நடுவிலேயே கவிழ்த்து, அதற்குள் வைத்தாள். மூங்கில் இடுக்கு வழியாக இது அவர்களைப் பார்க்கும், அவர்கள் இதைப் பார்ப்பார்கள். அலகு மட்டும் எட்டாது. உள்ளே ஒரு பிடி கம்பு போட்டால் வெளியேயும் ஒரு பிடி கம்பு போட்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் தின்றார்கள்.

முதல் மூன்று நாள் யாரும் பஞ்சாரத்துப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் குட்டைக்காலி மெதுவாக வந்தது.

"நரி எப்படி இருக்கும்?" என்று கேட்டது.

தன்னைக் கொத்தியவளிடம் பேசுவதா என்று மினுக்கி நினைத்திருக்கலாம். நானாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். ஆனால் மினுக்கி சொன்னது. நரியின் கண், அதன் நடை, கூட்டுக் கதவை அது மூக்கால் நெம்பிய விதம், பதின்மூன்று பேரும் சத்தம்போட்டு அடங்கியது, தான் கிளைக்குக் கிளை தாவி விடியும்வரை உச்சியில் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னது. கேட்கக் கேட்கக் கீரி வந்தது. கருப்பி வந்தது. செவலை மட்டும் தூரத்தில் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரே இடத்தையே கீறிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் காலையில் கறையானை அள்ளி அடைப்பு முழுக்கத் தூவிவிட்டு, மூக்காயி பஞ்சாரத்தைத் தூக்கினாள். எல்லாரும் கறையான் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். மினுக்கியும் வரிசையின் கடைசியில் போய்ப் பொறுக்கியது. யாரும் கொத்தவில்லை. மூக்காயிக்கு மூச்சு வந்தது.

ஆனால் ஒரு வாரத்தில் மினுக்கியின் கழுத்தில் புது இறகு முளைக்கத் தொடங்கியது. முளைக்கிற இறகு முள் மாதிரி இருக்கும். அதற்குள்ளே ரத்தம் ஓடும். கொத்திப் பழகிய அலகுக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒரு நாள் கருப்பி ஒன்றைப் பிடுங்கியது. மறுநாள் கீரி. அதற்கடுத்த நாள் செவலை. பகை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஆறிய கழுத்து திரும்பவும் ரத்தமானது. காயத்தில் ஈ மொய்த்தது.

மூக்காயி மினுக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நாள் பூரா நான் காவல் இருக்க முடியாதுடி. ஓடைக்கு அக்கரையில கோழி இல்லாத வீடு ஒண்ணு இருக்கு. அங்க கொடுத்திரவா? தனியா இருந்தாலும் நிம்மதியா இருப்ப."

மினுக்கி மடியிலிருந்து தலையைத் தூக்கியது. பிறகு சொன்னது: "தனியா இருந்து பாத்துட்டேன் ஆத்தா. வேண்டாம். எனக்கு ஒரு நாள் கொடு."

மறுநாள் உச்சிப்பொழுது எல்லாரும் வேப்பமர நிழலில் ஒதுங்கியிருந்தபோது மினுக்கி எழுந்தது. வரிசையெல்லாம் தாண்டி நேராகச் செவலையின் முன்னால் போய் நின்றது. கடைசி வரிசைக் கோழி அப்படிப் போனதே கிடையாது. கீரியும் கருப்பியும் எழுந்து நின்றன. சேவல் வழக்கம்போல வேலிமேல் ஏறியது. ஆனால் அன்றைக்கு அது மலையைப் பார்க்கவில்லை.

"அக்கா, என் கழுத்துல இருக்குறதுதான உங்க எல்லாருக்கும் தொந்தரவு?" என்றது மினுக்கி. "என் அலகு என் கழுத்துக்கு எட்டாது. எட்டுனா நானே எடுத்திருப்பேன். நீங்க எடுங்க. ஓடும்போது பின்னாலருந்து வேணாம். ஆளுக்கு ஒண்ணாவும் வேணாம். இப்பவே, என் முகத்துக்கு நேரா, ஒண்ணு விடாம எடுங்க."

சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டித் தரையில் படிய வைத்தது.

செவலை ஓர் இறகைப் பிடுங்கியது. மினுக்கி அசையவில்லை. இன்னொன்று. இன்னொன்று. பத்து எடுத்ததும் செவலை நிறுத்தியது.

"வலிக்கலியா?"

"வலிக்குது. எடுங்க."

செவலை மறுபடியும் குனிந்தது. ஆனால் இப்போது ஒவ்வொரு இறகாக மெதுவாகத்தான் இழுத்தது. முன்பெல்லாம் இறகை இழுத்தால் எதிரி ஓடும், கத்தும். இது ஓடவுமில்லை, கத்தவுமில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி இறகு வந்தபோது செவலை அதைத் துப்பிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

மினுக்கி எழுந்து உடம்பை ஒரு முறை உதறியது. பிறகு தன் கழுத்திடமே பேசியது. "இனிமே இங்க முளைக்காத. நீயில்லாம நான் இருந்துக்குவேன்" என்றது. உடம்பு பேச்சுக் கேட்ட காலம் அது. அப்புறம் நடந்து போய்ச் சட்டியில் தண்ணீர் குடித்தது.

அந்தக் கழுத்தில் மறுபடியும் ஓர் இறகுகூட முளைக்கவில்லை. தோல் ஆறிச் செவ்வரளி நிறத்தில் வழவழப்பாக நின்றது. பிடுங்க எதுவுமில்லாத இடத்தில் யார் கொத்துவார்கள்? நல்லாண்டி பார்த்துவிட்டு, "நம்ம கழுத்தறுத்தான் பொழைச்சிக்கிட்டான் பாரு" என்று சிரித்தான். பெட்டைக்கு ஆண்பெயர் வைத்துவிட்டானே என்று மூக்காயி சண்டை பிடித்தாள். அந்தப் பெயர் இன்றைக்கும் போகவில்லை.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. செவலை அடைக்கு உட்கார்ந்தது. மணல் பரப்பிய கூடையில் பதினொரு முட்டைகள். கோழி அடைகாக்க இருபத்தோரு நாள் வேண்டும். பதினைந்து நாள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பதினாறாம் நாள் கத்திரி வெயில் தொடங்கியது.

அந்த வெயிலைச் சொல்லி முடியாது. வேப்பமரத்தின் இலை வாடித் தொங்கியது. தண்ணீர்ச் சட்டி மத்தியானத்துக்குள் காய்ந்தது. கோழிகள் இறக்கையை விரித்து, அலகைத் திறந்து, தொண்டை துடிக்கத் துடிக்கக் கிடந்தன. செவலைக்குக் கழுத்து நிறைய அடர்ந்த இறகு. வயிற்றுக்குக் கீழே முட்டைச் சூடு, மேலே வெயில் சூடு. அப்படியும் எழுந்திருக்கவில்லை. பதினேழாம் நாள் உச்சிப்பொழுது கூடையிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. மூக்காயி ஓடிவந்து தண்ணீர் தெளித்தாள். உயிர் இருந்தது, நிற்கக் காலில் பலமில்லை.

"என் முட்டை... என் முட்டை..." என்று முனகியது செவலை.

மூக்காயி கீரியைப் பார்த்தாள். கீரி எழுந்து ரெண்டு அடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. கருப்பிக்குத் தலை நிற்கவில்லை.

அப்போது மினுக்கி வந்தது. அந்த வெயிலில் நிமிர்ந்து நடந்தது அது ஒன்றுதான். உடம்புச் சூடெல்லாம் அந்த மொட்டைக் கழுத்து வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. மலைப்பக்கத்திலிருந்து கொஞ்சம் காற்று வந்தாலும் அதன் கழுத்துக்குத் தெரிந்தது. கூடையில் ஏறி, முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்து, மேலே உட்கார்ந்து முட்டைகளை அணைத்தாற்போல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டது.

செவலை கீழே கிடந்தபடியே பார்த்தது. "ஏண்டி?" என்று கேட்டது.

"முட்டை என்னைக் கொத்தலியே அக்கா" என்றது மினுக்கி.

அது அதுவரைக்கும் முட்டையிட்டு அடைகாத்த கோழி இல்லை. எப்படி உட்காருவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. ஆனாலும் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று உட்கார்ந்தது. காலையில் ஒரு தடவை இறங்கி நாலு வாய் தண்ணீர் குடிக்கும், ஒரு பிடி கம்பு தின்னும், ஓடிப்போய் ஏறிக்கொள்ளும். மூக்காயி ஈரச்சாக்கைக் கூடைக்கு மேலே நிழலாகக் கட்டினாள். இருபதாம் நாள் முட்டைகளுக்குள்ளிருந்து மெல்லக் கீச்சுச் சத்தம் வந்தது. ஓட்டுக்கு உள்ளேயிருந்து குஞ்சுகள் கேட்ட குரல் மினுக்கியின் குரல். அவை மேலே உணர்ந்தது அந்த வெறும் கழுத்தை.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்தன. ரெண்டு முட்டை கூமுட்டையாகிவிட்டது.

எல்லாரும் கூடையைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஐந்து குஞ்சுகள் எப்போதும்போல. மிச்சம் நாலு குஞ்சுகளுக்குக் கழுத்தில் ஒரு பூமயிர்கூட இல்லை. உடம்பெல்லாம் செவலையின் நிறம். கழுத்து மட்டும் மினுக்கியின் கழுத்து.

"இதென்ன கூத்து?" என்று சொல்லிக்கொண்டே கருப்பி அலகை நீட்டியது. பழக்கம்தான். வேறு நினைப்பில்லை.

இன்னும் சரியாக நடை வராத செவலை எங்கிருந்துதான் அந்த வேகத்தைக் கொண்டுவந்ததோ, இடையில் பாய்ந்து நின்றது. உடம்பு இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"கொத்தணும்னா என்னைக் கொத்து. அது என் பிள்ளை."

கருப்பி பின்வாங்கியது. செவலை திரும்பியது. கூடைக்குள் மினுக்கி ஐந்து நாள் அசதியில் கண் சொருகிக் கிடந்தது. செவலை அதன் அருகே போய் நின்று, தான் கொத்திய அந்தக் கழுத்தில் ஒட்டியிருந்த முட்டை ஓட்டுத் துணுக்கை அலகின் நுனியால் மெதுவாக எடுத்துக் கீழே போட்டது.

"எந்திரி. தவிடு வச்சிருக்கு" என்றது. "போய் முதல்ல தின்னு. குஞ்சுகள நான் பாத்துக்கிறேன்."

மினுக்கி இறங்கி நடந்தது. சட்டியை நோக்கிப் போகும்போது கீரி விலகியது, கருப்பி விலகியது. எல்லாரும் நின்று பார்க்க அது முதல் ஆளாகத் தின்றது. வயிறு நிறைந்ததும் தலையைத் தூக்கிக் குட்டைக்காலியைக் கூப்பிட்டது.

அந்தச் சித்திரை தொட்டுத்தான், நிறைந்த கழுத்துக் குஞ்சுகளோடு ஒரே ஈற்றில் மொட்டைக் கழுத்துக் குஞ்சுகளும் பிறக்கின்றன. அதன் பெயர்தான் கழுத்தறுத்தான், ஆனால் அறுத்தவர் யாருமில்லை. மற்றவையெல்லாம் நிழலில் வாய் பிளந்து கிடக்கிற கத்திரி வெயிலிலும், அது ஒன்றுதான் கூடையை விட்டு இறங்காமல் அடைகாத்துக்கொண்டிருக்கிறது.